ஆடும் இடம்

மாவட்ட அணிப் படிவம் என்னிடம் வந்தது,
என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.
பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, பள்ளி முத்திரை.
கடைசியில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கட்டம்:
ஆடும் இடம்.
பதின்மூன்று பேருக்கு எழுதிவிட்டேன்.
குணவதியின் கட்டம் காலி.

பெலிக்ஸ் சார் சொல்வதில் தப்பில்லை.
ஒரே வருஷத்தில் நான்கு அங்குலம் வளர்ந்திருக்கிறாள்.
தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தால்
முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது.
ஆட்டத்துக்கு நூற்றிருபது தடவை
குந்தி எழுகிற கால்.
ஆறாவது இன்னிங்ஸில் மட்டை பிடித்தால்
அடி பறக்கிறது, ஓட்டம்தான் நொண்டுகிறது.
"மூணாவது பேஸ்னு போடு.
அந்தக் கைக்கு அங்கேருந்து ஒரே எறி.
சேலத்துல ஒரு கேட்சர் இருக்கா, ரெண்டு வருஷமா ஸ்டேட் ஆடறா.
இவ கேட்சரா போனா பெஞ்சுதான்."

தலையாட்டினேன்.
ஆட்டிய பிறகுதான் வயிற்றில் ஏதோ புரண்டது.
ஒப்புக்கொள்கிறேன்:
நான் வீசுவதில் பாதி நல்ல பந்து இல்லை.
விலகிப் போவதை அவள் கையுறை
ஓர் அங்குலம் உள்ளே இழுத்து
அப்படியே நிற்கும்,
பந்து காலையிலிருந்தே அங்கே இருந்தது போல.
நடுவர் கை உயரும்.
கைதட்டு எனக்கு.
அப்படியென்றால் "கேட்சர்" என்று எழுதத் துடிக்கும் இந்த விரல்
யாருக்காகத் துடிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை, மஞ்சக்குப்பம் மைதானம்,
விழுப்புரத்துப் பெண்களோடு பழகு ஆட்டம்.
போன மாதப் பொருட்காட்சியின் குழிகள் இன்னும் மூடவில்லை.
ராட்டினம் நின்ற இடத்தில் மூன்றாவது பேஸ்.
அங்கே குணவதி,
முகமூடி இல்லாமல், நெற்றியில் வெயிலோடு,
யாரோ போலிருந்தாள்.
எனக்கு எதிரே குந்தியிருந்தது வினோதா.
பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்பவள்.

இரண்டாவது இன்னிங்ஸ். தரையோடு வந்த பந்து
ராட்டினக் குழியில் முட்டி எங்கோ எகிறியது.
குணவதி வெறுங்கையால் அள்ளினாள்,
அள்ளிய கையே எறிந்தது,
முதல் பேஸில் தோல் வெடிக்கிற சத்தம்.
டீக்கடைப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள்.
சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கும் சிலிர்த்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த பந்துக்கு வினோதா ஒற்றை விரல் காட்டினாள்: நேர்ப்பந்து.
ஓடக் காத்திருந்தவளைக் கவனிக்க
மூன்றாவது பேஸ் பக்கம் கண்ணை ஓட்டினேன்.
குணவதியின் வலது கை
தொடையோரம் இரண்டு விரல் நீட்டியிருந்தது.
அவளுக்கே தெரியாது,
விரல்கள் தாமாக நீண்டிருந்தன.
நான் அந்த இரண்டுக்கு வீசினேன்.
பந்து சரிந்து இறங்கியது, மட்டை காற்றை வெட்டியது,
வினோதாவின் கால் நடுவே புகுந்து
தடுப்புச் சுவர் வரை உருண்டது.
அவர்களுக்கு ஒரு ரன்.
வினோதா என்னை முறைத்தாள். நியாயம்தான்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே குணவதி சொன்னாள்:
"பயந்தா உன் காது சிவக்குதுடி.
இத்தன நாளா நேரா பாத்ததுல தெரியல."
"அங்க பிடிச்சிருக்கா?"
"நின்னுக்கிட்டே இருக்கறது ஒரு மாதிரி இருக்கு."
"நல்ல மாதிரியா?"
"ஒரு மாதிரி."
கையுறை கை ஆள்காட்டி விரலின் பழைய வீக்கத்தைத்
தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

படிவத்தை நீட்டினேன். நீயே எழுது.
"வெள்ளிக்கிழமைதானே கடைசி?" என்றாள்.
இன்றைக்குத் தேவைப்படாத முகமூடியை,
பள்ளி ஸ்டோரில் வைக்க வேண்டியதை,
ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.
இடிக்காமலிருக்க
முழங்கால் இரண்டையும் வெளிப்பக்கம் அகற்றி,
எனக்கு எதிரே குந்தியிருப்பாளே, அதே அகலத்தில்,
கெடிலம் பாலத்துப் பக்கம் மிதித்துப் போனாள்.
முகமூடிக் கம்பி
மணியில் இடித்து இடித்து
வழியெல்லாம் ஒலித்தது.